மாஸ்டர் ஷென்னின் பேஸ்மேக்கர்

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் காலமான ஒருவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்ன முதல் மருத்துவர் என்ற பெருமை டாக்டர் தமயந்தியையே சேரும். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கேண்டீனில் உட்கார்ந்து, தம்பி கஜேந்திரன் நீட்டிய டேப்லட் திரையில் தெரிந்த துடிப்பு வரைபடத்தைப் பார்த்தபடி, குரலைச் சற்றும் உயர்த்தாமல் அதைச் சொன்னார்.

“இந்த பேஷண்ட் எங்கடா இருக்காரு? உடனே கூட்டிட்டு வா.”

“பேஷண்ட் இல்லக்கா. மாஸ்டர் ஷென். சீன ஓவியர். மலை, அருவி, பனிமூட்டம் எல்லாம் வரைவாரு.”

“என்னத்தையோ வரையட்டும். எந்த வார்டு?”

“செத்துட்டாருக்கா.”

“எப்போ?”

“ஒரு முன்னூறு வருசம் இருக்கும்.”

தமயந்தி நுரை பொங்கிய தே தாரிக் டீயை ஒரு மிடறு குடித்தார். “அப்ப அவருக்கு யாருடா பேஸ்மேக்கர் வச்சது?”

கஜேந்திரனின் கையிலிருந்த ரோத்தி சானாய் பருப்புக் குழம்பில் பாதி முங்கிய நிலையில் அப்படியே நின்றது.

அவன் வேலை பார்ப்பது தங்கக் கொக்கு ஏலக்கூடத்தில். சீன மலைக்காட்சி ஓவியங்களில் எது அசல், எது போலி என்று சொல்லும் ‘நாடி’ என்ற இயந்திரம் அவன் கைவண்ணம். நாடி வருவதற்கு முன் இந்த வேலையை நிபுணர்கள் செய்துவந்தார்கள். நிபுணர் ஓவியத்தின் முன் நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், பெருமூச்சு விடுவார். மூச்சு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு ஓவியத்தின் மதிப்பு. கஜேந்திரன் பெருமூச்சை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சை விளக்கையும் ஒரு சிவப்பு விளக்கையும் வைத்தான். மக்கள் இதை அறிவியல் என்றார்கள்.

அதன் சூட்சுமத்தை அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னான். “பிரஷ்ஷ எடுத்து நீளமா ஒரு கோடு இழுக்குறோம்னு வச்சுக்க. இதயம் ஒவ்வொரு வாட்டி அடிக்கும்போதும் விரல் நுனி துளியூண்டு ஆடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா சீனக் காகிதம் இருக்கே, மை பட்டதும் உறிஞ்சிக்கும். அழிக்க முடியாது, மேல பூசி மறைக்கவும் முடியாது. அந்த ஆட்டம் அப்படியே உள்ள போய் உக்காந்துக்கும். மலையோட விளிம்புல வரைஞ்சவரோட நாடியே ஓடும்க்கா. அசல் படத்து நாடியோட ஒத்துப்போனா பச்சை, இல்லன்னா சிவப்பு. கைய எவனும் காப்பியடிக்கலாம். இதயத்த எப்படி அடிப்பான்?”

“சரி. இந்தப் படத்துல என்ன பிரச்சினை?”

“பச்சையும் எரியல, சிவப்பும் எரியல. ‘இதயம் இல்லை’ன்னு வருது. காகிதம் பழசு, மை பழசு, முத்திரை சரி. நிபுணர் கூ வேற பெருமூச்சு விட்டுட்டாரு. அதான் மெஷின் கெட்டுப்போச்சோன்னு உன்கிட்ட கொண்டாந்தேன்.”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. வரைஞ்சவருதான் கெட்டுப்போய்க்கிட்டிருக்காரு.” தமயந்தி திரையில் விரலை வைத்தார். “அடிக்கு அடி ஒரே இடைவெளி. மனுச இதயம் இப்படி அடிக்காது, கடிகாரம்தான் அடிக்கும். அதுவும் நின்னுக்கிட்டு பிரஷ் பிடிக்கிற ஆளுக்கு வேகம் கூடியிருக்கணும். இது கொறஞ்ச வேகத்துல ஒரே எடத்துல நிக்குது. பேட்டரி தீரப்போகுது, வந்து மாத்துங்கன்னு கருவி கெஞ்சுதுடா. இந்தப் படம் வரைஞ்சு எவ்வளவு நாளாச்சு?”

கஜேந்திரன் யோசித்தான். பழைய ஓவியத்தைப் புதுத் துணியில் ஒட்டிவைப்பது வழக்கம்தான், ஆகவே புதுப் பசையை யாரும் சந்தேகிப்பதில்லை. “ஒட்டியே ரெண்டு மாசம் ஆகியிருக்கும்னு எங்க ஏலக்கூடத்து சியூ யென் சொன்னா.”

“அப்படின்னா வரைஞ்சது அதுக்கும் முந்தி. கெஞ்ச ஆரம்பிச்சா கருவி மூணு மாசம் தாங்கும்.” தமயந்தி தம்ளரைக் கீழே வைத்தார். “இந்தத் தீவுல பேட்டரி மாத்துறது நாந்தான். பிரஷ் பிடிக்கிற யாரும் சமீபத்துல வரல.”

“கருவியே ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்பாதா? வீட்டுல ஒரு பெட்டி குடுப்பீங்களே?”

“குடுப்போம். அந்த பிளக்கப் புடுங்கிட்டு ரைஸ் குக்கர மாட்டியிருப்பாங்க. டேய், அவன் திருடனோ சாமியாரோ எனக்குத் தெரியாது. பேட்டரி நின்னுச்சுன்னா ஆளு நின்னுருவாரு. கண்டுபிடி.”

கஜேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதில் பயம் பாதிதான், மீதி பெருமை. உலகத்தில் எந்த இயந்திரமாவது ஒரு மலையைப் பார்த்து, வரைந்தவருக்கு பேட்டரி மாற்றச் சொல்லியிருக்கிறதா? மிச்ச ரோத்தியைத் தட்டிலேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். பினாங்கில் அப்போது வானத்தில் டாக்சி ஓட ஆரம்பித்திருந்தது. ஆனால் கீழே நிறுத்த இடம் கிடைக்காததால் எல்லாரும் மோட்டரில்தான் போனார்கள்.

ஏலக்கூடத்தின் தவுக்கே, அதாவது முதலாளி, லிம் விஷயத்தை முழுக்கக் கேட்டார். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஓவியம் சனிக்கிழமை ஏலத்துக்கு வருகிறது. அழைப்பிதழில் அட்டைப்படமே அதுதான்.

“இதயம் இல்லைன்னுதானே சொல்லுது? மாஸ்டருங்கல்லாம் துறவி மாதிரி, அப்படித்தான் இருக்கும். ஆசையெல்லாம் அடங்கிருச்சு பாரு” என்றார் லிம்.

“தவுக்கே, ஒரு ஆளு சாகப்போறாரு.”

“போலி போடுறவன் செத்தா ஏலக்கூடத்துக்கு நல்லதுதானே லா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓங் சியூ யென் நிமிர்ந்தாள். அங்கே ஓவிய வரலாறு படித்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் விற்பனை படித்தவர்கள். அவளும் கஜேந்திரனும் பேசிக்கொள்வது மலாய், ஆங்கிலம், கொஞ்சம் தமிழ் எல்லாம் கலந்த ஒரு கஞ்சி. இங்கே அது தமிழாக வடிகட்டித் தரப்படுகிறது.

“பாஸ், நாளைக்கு உண்மை வெளியே வந்தா, தெரிஞ்சும் சாகவிட்டாங்கன்னு எழுதுவாங்க. படத்தக் காட்ட வேணாம், பேரைச் சொல்ல வேணாம். எங்ககிட்ட வந்த ஒரு போலி ஓவியம்னு மட்டும் சொல்லலாம்” என்றாள்.

லிம் அதற்குச் சம்மதித்தார். அன்று மாலையே கஜேந்திரன் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தோன்றி, எந்த ஓவியம் என்று சொல்லாமல், வெறும் துடிப்பு வரைபடத்தைக் காட்டி, “போலி ஓவியரே, எங்கிருந்தாலும் உடனே இதய நோய்ப் பிரிவுக்கு வரவும். காவல்துறை இருக்காது, பேட்டரி மட்டுமே இருக்கும்” என்று கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை தமயந்தியிடமிருந்து போன் வந்தது.

“வந்து பாருடா. வரிசை லிப்ட் வரைக்கும் நிக்குது.”

கஜேந்திரன் போய்ப் பார்த்தான். வரிசையில் முதலில் வணிகர் சங்கத் தலைவர். அவருக்கு அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பிறகு ஒரு கோயில் நிர்வாகி, இரண்டு பல் மருத்துவர்கள். கடைசியில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் அணிந்து ஒருவர். அவர் விட்ட பெருமூச்சை வைத்து அது நிபுணர் கூ என்று கஜேந்திரன் கண்டுகொண்டான். எல்லாரும் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள். எல்லாரும் தற்செயலாகத்தான் வந்திருந்தார்கள்.

“சும்மா ஒரு செக்கப்” என்றார் சங்கத் தலைவர்.

“ஓவியம் வரைவீங்களா?” என்று தமயந்தி கேட்டார்.

“சேச்சே. பாக்குறதோட சரி.”

அவருடைய நகக்கண்ணில் கறுப்பு மை. அடுத்திருந்த தலைமையாசிரியர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “நல்ல மை. எங்க வாங்குறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். சங்கத் தலைவரும் அவர் காதோடு காதாகக் கடையின் பெயரைச் சொன்னார். ஊரில் இத்தனை கலைஞர்கள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

தமயந்தி ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். அத்தனை பேருடைய பேட்டரியும் திடமாக இருந்தது. நிபுணர் கூவின் பேட்டரி அடுத்த தலைமுறைக்கே போதும்.

“தேடுற ஆளத் தவிர ஊரே வந்துருச்சு” என்றார் தமயந்தி. “நாள் ஓடுதுடா.”

கஜேந்திரன் ஏலக்கூடத்துக்குத் திரும்பியபோது சியூ யென் ஓவியத்தை மேசையில் விரித்து, மூக்கு உரசும் தூரத்தில் குனிந்திருந்தாள்.

“இந்தப் பாறையப் பாரு. இடது ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது. மாஸ்டர் ஷென் பாறைய ஓரத்துல முட்ட விடவே மாட்டாரு, மூச்சுவிட எடம் வச்சிருப்பாரு. இங்க ரெண்டு விரல் அகலத்துக்குக் காகிதம் காணோம். யாரோ வெட்டியிருக்காங்க.”

“எதுக்கு?”

“பெரியவங்க படத்தப் பாத்து வரையறது எங்ககிட்ட தப்பே இல்ல கஜன். மரியாதை. ஆனா ஓரத்துல எழுதணும், இன்னார் படத்தப் பாத்து இன்னார் வரைஞ்சதுன்னு. எழுதிட்டா அது நாணயமான நகல். அந்த ஓரத்த வெட்டிட்டு மாஸ்டர் முத்திரையக் குத்திட்டா போலி. வரைஞ்சவங்க ஒரு ஆளு, வெட்டினவன் வேற ஆளு.”

கஜேந்திரன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “நான் ‘போலி ஓவியரே வா’ன்னு கூப்பிட்டேன்.”

“இவங்க போலியே இல்ல. தன்னத்தான் கூப்பிடுறாங்கன்னு எப்படித் தெரியும்? டிவியப் பாத்து, யாரோ பாவம்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிருப்பாங்க.”

“அப்ப படத்தக் காட்டிருவோம்.”

“காட்டினா இன்னும் மோசம். போலிங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல குடும்பப் பேரு வந்துரும்னு கதவச் சாத்திக்குவாங்க.” சியூ யென் நகத்தைக் கடித்தாள். பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “வேற வழி இருக்கு. திட்டணும்.”

“யார?”

“படத்த. அசல்னு சொல்லணும், மாஸ்டர் ஷென்தான் வரைஞ்சாருன்னு சொல்லணும். ஆனா மோசமா வரைஞ்சிருக்காருன்னு சொல்லணும். இந்த அருவிய வரைஞ்சவங்க எவ்வளவு நாள் பழகியிருப்பாங்கன்னு நெனைக்கிற? பேருக்குப் பயந்து உக்காந்திருக்கலாம். அருவியக் கேவலமாப் பேசினா உக்காந்திருக்க முடியாது.”

அசல் என்ற சொல் காதில் விழுந்ததும் லிம் உள்ளே வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார்.

ஆக, வெள்ளிக்கிழமைச் செய்தியில் கஜேந்திரன் மறுபடி தோன்றினான். இந்த முறை பின்னால் ஓவியம் தொங்கியது. “இது மாஸ்டர் ஷென்னின் கடைசிக்கால ஓவியம். மலை பரவாயில்லை. வயதாகிவிட்டதால் அருவியை மட்டும் கோட்டைவிட்டுவிட்டார். யாரோ வீட்டுக் குழாயை மூட மறந்துபோன மாதிரி இருக்கிறது” என்றான். சொல்லும்போதே அவனுக்கு நாக்கு கூசியது. ஏனென்றால் அந்த அருவி உண்மையிலேயே அற்புதமாக இருந்தது. மை படாத வெறும் காகிதம்தான் தண்ணீர். சுற்றியிருந்த இருட்டை மட்டும் வரைந்து, நடுவில் சும்மா விட்ட இடம் இரைச்சலோடு கொட்டியது.

சனிக்கிழமை காலை ஏலக்கூடம் நிரம்பி வழிந்தது. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. மேடையில் ஓவியம், அதன் பக்கத்தில் நாடி. வாசலில் தமயந்தி ஆம்புலன்ஸோடு நின்றார். ‘இது என்ன புது சேவை’ என்று வந்தவர்கள் வியந்தார்கள். தேடிய ஆள் மட்டும் வரவில்லை. ஏலம் தொடங்கிவிட்டது. கைகள் மாறி மாறி உயர்ந்தன. லிம் சுத்தியலைத் தூக்கினார்.

“எவன்டா அது, என் அருவியக் குழாய்னு சொன்னவன்?”

தமிழ்தான். அதுவும் ரப்பர் தோட்டத்துச் சுத்தமான தமிழ். கூடமே திரும்பியது. வாசலில் ஒரு சீனப் பெண்மணி, வயது எழுபதைத் தாண்டியிருக்கும், பூப்போட்ட சட்டை, கையில் மடக்கிய குடை. கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வந்த களைப்பில் மூச்சு வாங்கியது. குடை மட்டும் திடமாக கஜேந்திரனை நோக்கி நீண்டது.

“ஆண்ட்டி, தமிழ் பேசுறீங்க” என்றான் கஜேந்திரன். அந்த நேரத்தில் அவனுக்கு அதுதான் வாயில் வந்தது.

“எம் பேரு கோ சாய் ஹூன். முப்பது வருசம் எஸ்டேட்ல மளிகைக்கடை வச்சிருந்தேன். எனக்கு எங்க ஹொக்கியன் பாஷையில திட்டினா ஆத்திரம் அடங்காது. நீதான் அந்த டிவிக்காரனா? வா இங்க. அருவின்னா என்னான்னு தெரியுமா உனக்கு?”

மேடம் கோ சாய் ஹூன் விடுவிடுவென்று மேடையேறினார். அங்கே அலங்காரத்துக்கு வைத்திருந்த மைக்கல்லையும் தூரிகையையும் எடுத்தார். சியூ யென் ஓடிப்போய் ஒரு காகிதத்தை விரித்தாள். கஜேந்திரன் நாடியின் கண்ணை அதன்மேல் திருப்பினான்.

“பாரு. தண்ணிய வரையக் கூடாது. கல்ல வரை. தண்ணி தானா விழும்.” தூரிகை ஒரே இழுப்பில் மேலிருந்து இறங்கியது. திரையில் துடிப்பு எழுந்தது. அடிக்கு அடி ஒரே இடைவெளி, கடிகாரம் போல. கஜேந்திரனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இவர்தான், இவரேதான். அடுத்த இழுப்பில் ஒரு துடிப்பு விழவில்லை. அதற்கடுத்த இழுப்பில் இரண்டு.

தமயந்தி வாசலிலிருந்து திரையைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அம்மா, நான் டாக்டர். ஒங்க பேட்டரி நிக்கப் போகுது. இப்பவே வாங்க.”

மேடம் கோ நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. “வரேன். மொதல்ல இவன் டிவில சொல்லட்டும். நேத்து சொன்னான்ல, அதே மாதிரி. இது யாரு படம், அருவி எப்படி இருக்கு, ரெண்டும்.”

“ஆண்ட்டி, போற வழியில சொல்றேன்.”

“வழியில செத்துட்டேன்னா? கோயில் அன்னதானத்துக்கு வித்துக்கச் சொல்லிக் குடுத்த படம் தம்பி அது. ஓரத்துல எம் பேர எழுதியிருந்தேன். பேரு எங்க?”

அவர் லிம்மைப் பார்த்தார். லிம் கூரை விளக்கைப் பார்த்தார்.

“கஜன்,” என்றார் லிம், உதடு அசையாமல், “இப்ப வாயத் திறந்தா ஏலம் போச்சு, உன் மெஷின் போச்சு, நீயும் போச்சு லா.”

அதில் மூன்றும் உண்மை என்று கஜேந்திரனுக்குத் தெரியும். நேற்று நாடியின் பெயரால் அசல் என்று சொன்னவன், இன்று அதே வாயால் இல்லை என்றால், இனி எந்த விளக்கை யார் நம்புவார்கள்? அவன் மைக்கைப் பிடுங்கினான்.

“இந்த ஓவியம் மாஸ்டர் ஷென் வரைந்தது இல்லை. மேடம் கோ சாய் ஹூன் வரைந்தது. நேற்று நான் சொன்னது பொய். தெரிந்தே சொன்னேன்.”

“அருவி?” என்றார் மேடம் கோ.

“அருவி நன்றாக இருக்கிறது.”

“கேக்கல.”

“அருவி ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு ஆண்ட்டி.”

“சரி. இப்பப் போலாம்” என்றார் அவர். சொல்லிவிட்டுச் சாய்ந்தார். தமயந்தியின் கைகள் ஏற்கனவே அங்கே இருந்தன.

ஆம்புலன்ஸ் போன பாதையில் கஜேந்திரன் மோட்டரில் பறந்தான். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே அவனும் சியூ யென்னும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிடித்திருப்பதை இருவரும் கவனிக்காதது போல் நடித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த தமயந்தி, “பொழச்சிருச்சு. மயக்கத்துலயும் யாரையோ தமிழ்ல திட்டுது” என்றார்.

லிம் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நேரடி ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் மேடம் கோவின் ஓவியம் வேண்டும் என்றாகிவிட்டது. ஒரே வாரத்தில் லிம் அவருடைய அதிகாரபூர்வ முகவரானார். நாணயமான நகல்களின் மேன்மை பற்றிப் பல இடங்களில் உரையாற்றினார். ஓரத்தை வெட்டிய கை எது என்று மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை.

சில வாரங்கள் கழித்து, பட்டர்வொர்த்தில் மேடம் கோவின் அடுக்குமாடி வீட்டுக்குக் கஜேந்திரன் நாடியைத் தூக்கிக்கொண்டு போனான். புதிதாக வரைந்த படங்களுக்கு ‘அசல் கோ’ என்று சான்றிதழ் வேண்டும் என்பது லிம்மின் உத்தரவு. மேடம் கோ இப்போது கன்னம் சிவந்து, படியேறி இறங்கி, சந்தைக்குப் போய்வந்து, ஜோராக இருந்தார். அவன் கண் முன்னாலேயே அதே மலையை, அதே அருவியை மறுபடி வரைந்தார். அருவி முன்பைவிட வேகமாகக் கொட்டியது.

பழைய படத்தின் துடிப்பை ‘கோ’ என்று பதிந்துவைத்திருந்த நாடியைக் கஜேந்திரன் அதன்மேல் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

தட்டிப் பார்த்தான். அணைத்துப் போட்டான். மறுபடியும் சிவப்பு. ‘வேறு கை.’

“என்ன சொல்லுது?” என்றார் மேடம் கோ.

“புது பேட்டரி ஆண்ட்டி. புதுத் துடிப்பு. பழைய படத்த வரைஞ்சது நீங்க இல்லைங்குது.”

“அப்ப நான் என்னையே காப்பியடிக்கிறேனா?”

“மெஷின் கணக்குல அப்படித்தான்.”

“நல்லா அடிச்சிருக்கேனா?”

“நல்லா அடிச்சிருக்கீங்க.”

மேடம் கோ வாய்விட்டுச் சிரித்தார். தூரிகையைத் தண்ணீரில் அலசி, நுனியை விரலால் கூராக்கிக்கொண்டே கேட்டார்: “அந்த ஷென்னுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சிருந்தா? வீட்டுல சண்ட போட்டுட்டு வந்து வரைஞ்சிருந்தா? பக்கத்து வீட்டுப் பொண்ணு ஜன்னல் பக்கமா நடந்து போயிருந்தா? அன்னைக்கு வரைஞ்சத உன் டப்பா என்னான்னு சொல்லும்?”

கஜேந்திரன் பால்கனிக்குப் போய் சியூ யென்னைப் போனில் கூப்பிட்டான்.

“சிவப்பு விளக்கு எரிஞ்ச படமெல்லாம் இப்ப எங்க?”

“அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டோமே.”

“அனுப்பி?”

“ஈப்போவுல ஒரு குடும்பம். தாத்தா காலத்துல கப்பல்ல கொண்டாந்த படம்னு சொன்னாங்கல்ல. அன்னைக்குச் சாயங்காலமே எரிச்சுட்டாங்களாம். போலிய சாமி அறையில மாட்டியிருந்தோமேன்னு வெக்கப்பட்டு.”

கீழே பெர்ரி ஒன்று கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. கஜேந்திரன் உள்ளே வந்து மேடம் கோவிடம் ஒரு காகிதம் கேட்டான். அவர் எதற்கென்று கேட்காமல் கொடுத்தார். கூடவே தூரிகையையும் கொடுத்தார். ஈப்போ குடும்பத்துக்கு அவன் எழுதியது இரண்டே வரி. உங்கள் ஓவியம் போலி என்று சொன்னது தவறாக இருக்கலாம். அதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கீழே கையெழுத்திட்டான். அவன் இதயம் அடித்துக்கொண்ட வேகத்தில், அதை மட்டும் நாடியிடம் காட்டியிருந்தால், இது கஜேந்திரன் போட்டது இல்லை என்று சத்தியம் செய்திருக்கும்.